வில்மாருக்கு ஊற்றிக் கொடுத்த வெந்நீர்

சால்டோ நகரத்துக் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுப்பது சுல்மா ஒலிவேராவின் வேலை. ஒரு காலத்தில் அவளைத் தேடி வந்தவர்கள் ஃபிரேமுக்காக மட்டும் வரவில்லை. ஊர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஞாயிறுதோறும் ‘என் வீட்டில் நடந்தது’ என்று அவள் எழுதினாள். பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அம்மாவுக்குக் காது மந்தமான கதை வரும். கணவன் வில்மார், தானே சரிசெய்கிறேன் என்று பிளம்பரைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குளிர்காலம் முழுக்க ஒழுகவிட்ட குழாயின் கதை வரும். கடைக்கு வருகிறவர்கள் கண்ணைக் காட்டுவதற்கு முன்பு குழாயைப் பற்றி விசாரிப்பார்கள்.

பிறகு வில்மார் ஆற்றைத் தாண்டி, அர்ஜென்டினா பக்கத்துக் கொன்கோர்தியாவில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ஒருத்தியோடு குடியேறிவிட்டான். சுல்மாவின் பத்தி நின்றது. அப்போதைய ஆசிரியர் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தார். வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று பதில் சொல்லிவிட்டாள். உண்மையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதை எழுத முடியவில்லை. அதை விட்டுவிட்டு வேறெதையும் எழுதவும் முடியவில்லை.

அவன் கிளம்பிய காலையில் இரண்டு பெட்டிகளோடு வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டு போனான். சுல்மா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் கேட் மறுபடி திறந்தது. மனசு மாறிவிட்டான் என்று நினைத்து எழுந்தாள். அவன் ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டுப் போயிருந்தான். பச்சை ஃபிளாஸ்க், காலியாக மேஜைமேல் இருந்தது. சால்டோவில் ஆண்பிள்ளை வீட்டை விட்டு இறங்கினால் கக்கத்தில் ஃபிளாஸ்க்கும், மாத்தே என்ற இலைப் பானத்தை உறிஞ்சக் கையில் ஒரு குடுவையும் இருக்கும். காலி ஃபிளாஸ்க்கோடு யாரும் யாரையும் அனுப்புவதில்லை. அவள் கை தன்பாட்டுக்குக் கெட்டிலை அடுப்பில் ஏற்றியது. மாத்தேக்கு ஊற்றும் தண்ணீர் கொதித்துவிடக் கூடாது. கொதித்தால் இலை வெந்துபோகும், முதல் வாய் கசக்கும், அப்புறம் சப்பென்று ஆகிவிடும். பக்கத்திலேயே நின்று, கெட்டில் முனகத் தொடங்கும்போது இறக்க வேண்டும். சுல்மா நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். சரியான பதத்தில் இறக்கி, ஃபிளாஸ்க்கில் ஊற்றி, மூடியைத் திருகிக் கொடுத்தாள். அவன் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

அவ்வளவுதான். அவன் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்தத் தண்ணீரைப் பதம் பார்த்து ஊற்றியதைத்தான் தாங்க முடியவில்லை. அதை அவள் ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். அவள் மிர்த்தா. பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி, இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் மாலையில் மாத்தே குடிக்க வருவாள். சுல்மா ஒல்லிதான் என்றாலும் மிர்த்தா அவளைக் ‘குண்டு’ என்றே கூப்பிடுவாள்.

வருஷங்கள் போயின. பத்திரிகைக்கு ரமீரோ என்று புது ஆசிரியர் வந்தார். நாற்பது வயதுக்காரர். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கடைக்கு வந்தவர், ஃபிரேமை மாட்டிப் பார்த்தபடியே, பழைய பத்தியை மறுபடி தொடங்க முடியுமா என்று கேட்டார். என்ன தோன்றியதோ, சுல்மா சரி என்றாள். வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் அந்த வெந்நீரை எழுதினாள். எழுதி முடித்ததும் ஒரு முழு ரொட்டியைத் தின்றுவிட்டு மத்தியானம் அயர்ந்து தூங்கினாள். வில்மார் போனபின் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.

ஞாயிறன்று பத்திரிகை வந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பேக்கரியில் நீபியா, பன்னைப் பொட்டலம் கட்டியபடி, ரொம்ப நாள் கழித்து அவள் எழுதியதைப் படித்ததில் சந்தோஷம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“தப்பா நினைக்காதீங்க. திருடினதுதான் திருடினீங்க, முடிவை ஏன் கெடுத்தீங்க?”

சுல்மாவுக்குப் புரியவில்லை. நீபியா விளையாடுகிறாள் என்று எண்ணினாள். நீபியா விளையாடவில்லை. கல்லாவைத் தட்டித் தாளம் போட்டு, போன கார்னிவலுக்கு முந்தின கார்னிவலில் பேட்டை முர்காக் குழு பாடிய பாட்டைப் பாடிக் காட்டினாள். முகத்தில் சாயம் பூசிய பதினேழு ஆண்கள் மேடையில் நின்று பாடிய பாட்டு. வீட்டை விட்டு ஓடும் புருஷன் ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டுத் திரும்பி வருகிறான். பெண்டாட்டி சிரித்த முகத்தோடு கெட்டிலை ஏற்றி, மூடி குதிக்கும் அளவுக்குக் கொதிக்க விடுகிறாள். முத்தம் கொடுத்து அனுப்புகிறாள். அவன் பாலம் தாண்டும்வரை வெந்துபோன மாத்தேயை உறிஞ்சி உறிஞ்சித் துப்புகிறான். அந்த வருஷம் பரிசு வாங்கிய பாட்டு அது. வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் நீபியாவோடு சேர்ந்து கடைசி வரியைப் பாடினார்கள். சுல்மா ஒருத்திக்குத்தான் அது தெரியாது.

தெரியாததற்குக் காரணம் இருந்தது. வில்மார் போனபின் ஒவ்வொரு கார்னிவலுக்கும் அவள் ஆர்ட்டிகாஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். இங்கே ஒரே சத்தம், நீ போ, செடிக்கு நான் தண்ணி ஊத்தறேன் என்று மிர்த்தாதான் அனுப்பி வைப்பாள். அந்த வருஷம் பஸ் டிக்கெட்டையும் அவளே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். முர்காவுக்குப் பாட்டு எழுதும் கஸ்தோன், மிர்த்தாவின் அக்கா மகன். பன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோது இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்று மத்தியானமே ரமீரோ ஃபோன் செய்தார். ஞாயிறு காலையிலிருந்து புகார்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்றார். கார்னிவல் பாட்டைத் தூக்கித் தன் வீட்டில் நடந்ததாக எழுதிவிட்டாள் என்று ஊர் பேசுகிறது. அவருக்கு அவள்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சந்தேகப்படாதது பத்திரிகைக்குப் போதாது. ‘தோன்யா’ என்று மரியாதை சேர்த்தே சொன்னார்.

“தோன்யா சுல்மா, ரெண்டுல ஒண்ணு செய்யணும். பாட்டுலேருந்து எடுத்ததுன்னு அடுத்த ஞாயிறு ஒரு வரி போடுங்க. இல்ல, இது உங்களுக்கு நடந்ததுதான்னு சொல்ல ஒரு ஆளைக் காட்டுங்க. ரெண்டும் இல்லைன்னா என்னால பத்தியைத் தொடர முடியாது.”

வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்.

மாலையில் மிர்த்தா வழக்கம்போல் ஃபிளாஸ்க்கோடு வந்தாள். எதுவும் நடக்காதது போல் குடுவையில் இலையைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, முதல் மாத்தேயைத் தான் குடித்துவிட்டு அடுத்ததைச் சுல்மாவிடம் நீட்டினாள். சுல்மா கையில் வாங்கி வைத்துக்கொண்டு, பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

மிர்த்தா மறுக்கவில்லை. கஸ்தோன் அந்த வருஷம் பாட்டு ஒன்றும் கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தான் என்றாள். யார் பேரையும் சொல்லவில்லை என்றாள்.

“நீதானே எழுதவே மாட்டேன்னு சொன்னே குண்டு? நல்ல கதை. சும்மா கெடந்துச்சு.”

“சும்மா கெடக்கலடி. எனக்குள்ள கெடந்துச்சு.”

தண்ணீரைக் கொதிக்க வைத்தது யார் யோசனை என்று சுல்மா கேட்டாள்.

“என் யோசனைதான். நீ பதமா எறக்கி ஊத்திக் குடுத்தேன்னு எப்படிச் சொல்ல? கேக்கிறவனுக்கே நாக்கைப் புடுங்கிக்கலாம்னு தோணும். உன் மானத்தைக் காப்பாத்தியிருக்கேன். ஊரே அந்தப் பொம்பளைக்குக் கை தட்டுச்சு, தெரியுமா?”

எந்தப் பொம்பளைக்கு என்று சுல்மா கேட்கவில்லை. ரமீரோவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டாள். மிர்த்தா குடுவையின் உலோகக் குழலைத் துடைத்தாள். கஸ்தோனை இந்த வருஷம் தலைநகரத்து முர்கா ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எடுத்தார்கள் என்றாள். இப்போது போய் அது அடுத்தவர் வீட்டுக் கதை என்று சொன்னால் பையன் பேர் என்ன ஆகும்? பாட்டிலிருந்து எடுத்தேன் என்று ஒரு வரி போட்டால் சுல்மாவுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? அவளுக்குத்தான் எழுத்துக் கை இருக்கிறதே, வேறு கதையா கிடைக்காது?

சுல்மா ஆறிப்போயிருந்த மாத்தேயை ஒரே இழுப்பில் குடித்து முடித்தாள். குடுவையைத் திருப்பிக் கொடுத்து, “நன்றி” என்றாள்.

அந்த ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லாதவரை குடுவை நிரம்பி நிரம்பி வந்துகொண்டே இருக்கும். சொல்லிவிட்டால் அடுத்தது கிடையாது.

“ஒண்ணுதானே குடிச்சே” என்றாள் மிர்த்தா.

“போதும்.”

மிர்த்தா அவள் முகத்தைப் பார்த்தாள். ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சாட்சிக்கு இன்னொரு ஆள் மிச்சம் இருந்தான். செவ்வாயும் புதனும் சுல்மா அந்த நினைப்பைத் தள்ளிப் போட்டுப் பார்த்தாள். தன் வீட்டில் நடந்ததைத் தன்னுடையது என்று சொல்வதற்கு, விட்டுவிட்டுப் போனவனிடம் போய் நிற்க வேண்டுமா? அதைவிட அந்த ஒரு வரியைப் போட்டுவிடலாமே என்றும் தோன்றியது. எழுதிப் பார்த்தாள். ‘சென்ற வாரக் கதை பேட்டை முர்காப் பாட்டிலிருந்து’ என்பதற்குமேல் பேனா நகரவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு வேளையில், கடையில் யாரும் இல்லாதபோது, கொன்கோர்தியாவுக்கு ஃபோன் செய்தாள்.

வில்மார் முதலில் பயந்துபோனான். யாருக்கு உடம்பு சரியில்லை, அம்மாவுக்கா என்று கேட்டான். அம்மா போய் நாளாகிவிட்டது என்று சுல்மா சொல்ல வேண்டியிருந்தது. அவன் வருத்தம் சொன்னான். பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். கிளம்பிய காலையில் ஃபிளாஸ்க்கை எடுக்கத் திரும்பி வந்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா?

“எந்த ஃபிளாஸ்க்?”

“பச்சை.”

“பச்சையா? எங்கிட்ட பச்சை ஃபிளாஸ்க்கே இருந்ததில்லையே.” சற்று யோசித்தவன் கடகடவென்று சிரித்தான். “ஏ சுல்மா, அது முர்காப் பாட்டுல வர்றதாச்சே. நாங்க பாலம் தாண்டி வந்து பாத்தோம். வயிறு புண்ணாகிப் போச்சு. அந்த மடையன் ஃபிளாஸ்க்குக்காகத் திரும்பி வருவான் பாரு.”

லைன் போய்விட்டதோ என்று அவன் இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு மெதுவாக, பரிவாகவே சொன்னான்:

“நான் கெளம்பறப்ப நீ தூங்கிட்டு இருந்தே. எழுப்ப மனசு வரல எனக்கு.”

ஃபோனை வைத்துவிட்டு அவள் கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவில் நின்றாள். சுற்றிலும் கண் இல்லாத ஃபிரேம்கள். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை அறைந்தது. பொய் என்றால் அவனுக்கும் உண்மை தெரியும் என்று அர்த்தம். அவன் தன் ஞாபகத்தில் அவளைத் தூங்க வைத்து, அவள்மேல் போர்வையைப் போர்த்தி, பூனை நடை நடந்து வெளியேறி, அந்தக் காலையோடு இத்தனை காலம் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறான். ஊர் பாடும் பாட்டில் தண்ணீர் கொதிக்கிறது. குடித்தவன் ஞாபகத்தில் தண்ணீரே இல்லை. மிர்த்தாவுக்குத் தெரியும், அவள் சொல்ல மாட்டாள்.

சாப்பாட்டு வேளை முடிந்து கடையை மறுபடி திறக்கும் நேரம் ஆகிவிட்டிருந்தது. சுல்மா ஷட்டரைப் பாதியில் விட்டு, பில் போடும் மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். வெளியே ஒருவர் ஷட்டரைத் தட்டிவிட்டுப் போனார். நியாயம் கேட்டு எழுதவில்லை. மிர்த்தா பேரை எழுதவில்லை, கஸ்தோனைத் திட்டவுமில்லை. ஃபோன் பேச்சை அப்படியே எழுதினாள். அம்மா செத்தது தெரியாமல் நலம் விசாரித்ததை எழுதினாள், மடையன் என்று அவன் சிரித்ததை எழுதினாள், எழுப்ப மனசு வராததை எழுதினாள். அந்தக் காலையில் அவள் விழித்திருந்தாள் என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். ஒழுகும் குழாயைப் பற்றி எழுதிய நாட்களின் வேகம் கையில் இருந்தது. ஆனால் இந்த முறை எழுதி முடித்ததும் பசிக்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

வியாழன் காலை ரமீரோ கடைக்கே வந்தார். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கவுன்டரில் சாய்ந்து நின்று படித்தார். படித்து முடித்து மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். சாட்சி யார் என்று கேட்கவில்லை. பாட்டிலிருந்து எடுத்தது என்று போடச் சொன்ன வரியைப் பற்றியும் கேட்கவில்லை. தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகுதான் ஆசிரியருக்குரிய கவலை வந்தது.

“தோன்யா, பேரை மாத்திடலாமா? அக்கரையிலயும் நம்ம பத்திரிகை போகுது. அவர் படிச்சுட்டு வந்து சண்டை போட்டா?”

சுல்மா அடுத்த வாடிக்கையாளருக்காக ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பேர் இருக்கட்டும்” என்றாள். “படிச்சாலும் அந்த மடையன் தான்தான்னு அவனுக்குத் தெரியாது.”