பின் சீட் இல்லாத கார்

இருசப்பன் ஸ்டியரிங் பிடிக்கப் பழகியது கரும்பு டிராக்டரில். அப்புறம் கல்வராயன் மலையில் ஜீப் ஓட்டினான். பெண் பிறந்ததும், "மலப்பாதையே வேணாம்" என்று மனைவி ராஜாம்பாள் ஒற்றைக் காலில் நிற்க, கச்சிராயபாளையத்து ராமசாமியிடம் டிரைவராகச் சேர்ந்தான். கரும்பும் நெல்லுமாகப் பெரிய பண்ணை அது. ராமசாமி நல்லது கெட்டதுக்குக் கை நீட்டிக் கொடுக்கிற மனுசர்தான். ஆனால் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு "எடு", "நிறுத்து" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அவருக்கு ஒரு கிறுக்கு. வெளிநாட்டுச் சொகுசுக் கார் ஒன்று தன் வாசலில் நிற்க வேண்டும். அந்தக் கம்பெனியின் பெரிய கார்கள் அவர் சக்திக்கு எட்டாது. கம்பெனிக்காரனுக்கு என்ன தோன்றியதோ, டவுன் நெரிசலில் ஓட்டவென்று குட்டியாக ஒன்றை விட்டான். மனுசர் போட்டோவில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, பழைய காரை விற்று அதை வாங்கிவிட்டார்!

கார் லாரியிலிருந்து இறங்கியதும் ஊரே கூடிவிட்டது. "இன்னா மாமா, உன் பழைய காரு குட்டி போட்டுச்சா?" என்றான் ஒருத்தன். பூசணிக்காய் உடைத்ததும் ராமசாமி வழக்கம்போலப் பின் கதவைத் தேடினார். கதவும் இல்லை, சீட்டும் இல்லை. மொத்தமே ரெண்டு சீட்டு. அவருக்கோ சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

வேறு வழி? இருசப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் நாள் கதவோடு ஒட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாரத்தில் வாய் திறந்துவிட்டது. சர்க்கரை வியாதி, வெளியூரில் இருக்கிற மகன் போன் பண்ணாதது எல்லாவற்றையும் கொட்டினார். "உம் பொண்ணு மலர்விழி இன்னா படிக்கிது?" என்று கேட்டார். வெற்றிலைகூட மடித்துக் கொடுத்தார். இருசப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"என்னையும் மனுசனா மதிச்சிப் பேசறாரு" என்று ராஜாம்பாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு முந்தின திருப்பத்திலேயே, "நிறுத்துடா. நான் நடந்து பூடறேன், நீ பின்னால வா" என்றார்.

"வெயிலு ஜாஸ்தியா கீதுங்கய்யா. வாசல்லயே எறக்கி வுடறேன்."

"நாலு பேரு பாக்கற எடம்டா. உன்னாண்ட ஒட்டி உக்காந்துகினு போய் எறங்கனா நல்லாவா இருக்கும்?"

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பான். அன்றைக்கு வீட்டில் ராஜாம்பாளிடம் அதை அப்படியே சொன்னான்.

"வேலய வுட்டுட்டு வாயா" என்றாள் ராஜாம்பாள்.

"பொண்ணு காலேஜுக்கு?" என்றான்.

அடுத்த கல்யாணம் எலவனாசூர்கோட்டையில். வழியெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு வந்த ராமசாமி, மண்டபம் தெரிந்ததும், "இங்கயே நிறுத்து" என்றார்.

இருசப்பன் நிறுத்தவில்லை.

"டேய், காதுல வுழல?"

"வுழுந்துதுங்கய்யா."

பிரேக்கை மிதிக்கவில்லை. மேளக்காரர்களைத் தாண்டி நேரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். காரைப் பார்க்கக் கூட்டம் மொய்த்தது.

"சாவியக் குடுத்துட்டு அப்டியே போய்கினே இரு" என்றார் ராமசாமி பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரிங்கய்யா."

அதற்குள் வரவேற்பில் நின்றிருந்த, கல்யாணப் பெண்ணின் தங்கை ராதிகா, சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். இந்த மாதிரி வாசல்களில் டிரைவர்களை யாரும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. காரை ஓரங்கட்டிவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் யார் முதலாளி, யார் டிரைவர் என்று அவளுக்கு என்ன தெரியும்? ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டே இருந்தது இருசப்பன் பக்கத்து ஜன்னல்; அதில் கிண்ணத்தை நீட்டினாள்.

"வாங்க, எடுத்துக்கங்க."

இருசப்பன் ராமசாமி பக்கம் திரும்பவே இல்லை. ரெண்டு விரலால் தொட்டு, கழுத்தில் நிதானமாகப் பூசிக்கொண்டான். அப்புறம் இறங்கி, சாவியைச் சீட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறினான்.

வீட்டு வாசலில் ராஜாம்பாள் அவன் கழுத்தைப் பார்த்தாள்.

"இன்னாயா, சந்தனம்?"

"வேல பூடுச்சி" என்றான் இருசப்பன், சிரித்துக்கொண்டே.