முட்டை டப்பாவில் என் பெயர்

திருக்கோவிலூர் கடை பாய் போன வாரமே சொல்லிவிட்டார். "ஆயா, இனிமே டப்பா மேல பேரு, ஊரு, தேதி ஒட்டினாதான் முட்டை வாங்குவேன்."

இன்று என் பெயரையே எழுதி ஒட்டிக்கொண்டு போனேன். பாய் படித்துப் பார்த்தார்.

"பேருன்னு நான் சொன்னது கடை பேரு. அது போட்டா போதாதா ஆயா?"

"முட்டை போட்டது என் வூட்டு கோழி. பேரு மட்டும் உன்னுதா?" என்றேன். சிரித்துக்கொண்டே அடுக்கினார்.

முதலில் வாங்க வந்தவள் எங்கள் எதிர்வீட்டு செல்வி. என் கோழி அவள் மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, கிளறியதென்று பஞ்சாயத்து வைத்தவள். அன்றிலிருந்து பேச்சில்லை.

என் பெயரைப் படித்தாள். கீழே வைத்தாள்.

"வேற நாட்டுக்கோழி முட்டை இருக்குதா பாய்?"

"இல்லம்மா. இதான் புதுசு, தேதிய பாருங்க."

தேதியைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

இப்போது ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரோடெல்லாம் பள்ளம். டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாமா, வேண்டாமா?