வழியனுப்ப வந்தவர்களை எண்ணியவள்

ஃபுமியே எங்கள் அலுவலகத்தில் தலை எண்ணுபவள். எங்கள் நகரில் ஒலிம்பிக் போட்டி நடக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதிவேக ரயிலுக்கான புதிய முனைய நிலையத்தின் வரைபடம் எங்கள் மேசைகளில் விரிந்து கிடந்தது. அவளோ பழைய நிலையத்தின் தூணோரம் நின்று, கடந்து போகும் ஒவ்வொருவருக்கும் எண்ணும் கைக்கருவியை ஒருமுறை அழுத்துவாள். வரைபடக்காரர்களான நாங்கள் அவளை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

நடைமேடை ஒன்பது மீட்டர் அகலம் என்று தலைமைப் பொறியாளர் குராமோச்சி முடிவுசெய்தார். போதாது, பன்னிரண்டு வேண்டும் என்றாள் ஃபுமியே.

"தேனிலவுக்கு அத்தாமி வெந்நீரூற்றுக்குப் போறது ரெண்டு பேருதான், ஐயா. வழியனுப்ப நாப்பது பேர் வராங்க. மாப்பிள்ளையத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாங்க. யாராச்சும் தண்டவாளத்துல விழுந்துடுவாங்க."

"வழியனுப்ப வர்றவன் ரயில்லயா ஏறப் போறான்? அவனுக்கெல்லாம் இடம் போட்டா, ஊரையே இடிச்சுதாம்மா கட்டணும்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நவம்பரில் ஒரு சுபதினத்தில் குராமோச்சியின் மகளுக்குக் கல்யாணம். வழக்கப்படி, தேனிலவுக்குக் கிளம்பும் ஜோடியை வழியனுப்ப அலுவலகமே பழைய நிலையத்துக்குத் திரண்டு போனது. அதே ரயிலுக்கு இன்னும் ஆறு ஜோடிகள். பத்து வருடமாக நிலையங்களை வரைகிறேன். அத்தனை மனிதர்களை ஒரே நடைமேடையில் பார்த்ததில்லை. பூங்கொத்துகள், வண்ணக் காகித நாடாக்கள், நாலாபக்கமும் "பன்ஸாய்" என்ற வாழ்த்து முழக்கம். இத்தனை பேரும் எங்கள் வரைபடத்தில் எங்கே நிற்பார்கள்?

ரயில் வரும் நேரம். பக்கத்துக் கூட்டம் தன் மாப்பிள்ளையைத் தூக்கிப் போட்டதில் எங்கள் பக்கம் நெரிந்தது. குராமோச்சியின் ஒரு கால் விளிம்பைத் தாண்டியது. தூணோரம் நின்றிருந்த ஃபுமியே பாய்ந்து அவருடைய கோட்டின் வாலை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். ரயில் உள்ளே வந்தது.

மறுநாள் காலை குராமோச்சி அவள் மேசைக்கே வந்து நின்றார்.

"நேத்து எத்தனை பேரும்மா?"

"எழுநூத்திப் பன்னெண்டு வரைக்கும் எண்ணினேன், ஐயா. அப்புறம் உங்க கோட்டைப் பிடிக்க வேண்டியதாப் போச்சு."

அவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பிறகு எங்கள் மேசைக்கு வந்து, என் அழிப்பானை வாங்கி, ஒன்பதைத் தானே அழித்தார்.

புதிய நிலையம் திறந்த அன்று, அவள் கேட்டு வாங்கிய அந்த மூன்று மீட்டரில் நின்றுதான் முதல் ரயிலுக்குக் கையசைத்தேன். டிக்கெட் எடுக்க எனக்கு வசதியில்லை.