மிக்ஸருக்குப் பின்னால் ஒன்றரைக் காது

மேடையில் சத்தம் நன்றாக இருந்தால் பாடகியைப் பாராட்டுவார்கள். கெட்டுப்போனால் மட்டும்தான் சவுண்டுக்காரன் எங்கே என்று திரும்பிப் பார்ப்பார்கள். என்னைப்போல மிக்ஸருக்குப் பின்னால் நின்று இடுப்பு விட்டுப்போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடியிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போகிற ராக் குழு எங்களுடையது. பாடுவது ஜெனிட்டா. கிட்டார் முத்துக்குமார், வீட்டில் பலசரக்குக் கடை. டிரம்ஸும் பேஸும் அண்ணன் தம்பி இருவர், அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். சவுண்டு நான், சேவியர். வேன் ஓட்டுவது பொன்ராஜ் அண்ணாச்சி. எங்கள் பாட்டு ஒன்றுகூடத் தனக்குப் பிடிக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டவர்.

ஆழ்வார்திருநகரியில் பந்தி

கல்யாண வரவேற்பு. அதுவும் மத்தியானம். மணப்பெண்ணின் தோழிகள் ஆசைப்பட்டு எங்களை அழைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவிடம் அது ராக் என்று யாரும் சொல்லவில்லைபோல. முதல் பாட்டு முடிவதற்குள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வந்தார். குறைத்தேன். மறுபடி வந்தார். மறுபடி குறைத்தேன்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது மிக்ஸரில் குறைக்க ஒன்றுமே மிச்சமில்லை. ஸ்பீக்கர் அநேகமாக ஊமை. கேட்டதெல்லாம் டிரம்ஸ், அது மைக் இல்லாமலே ஊரைக் கூட்டும். நான் கையை விரித்ததும் அவர் கோபப்படவில்லை. சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. பந்தி முடியுற வரைக்கும் அதைச் சத்தமில்லாம அடிக்கச் சொல்லுங்க."

பெரியதாழையில் பொரிந்தது

கடற்கரை மேடை என்றால் எங்களுக்கு ஒரு வேலை கூடுதல். உப்புக்காற்று கேபிள் முனைகளையெல்லாம் தின்றுவிடும். மதியம் இரண்டு மணி வெயிலில் மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு முனையாக உப்புத்தாளால் தேய்த்தேன். சவுண்டு செக்கில் எல்லாம் சுத்தமாகக் கேட்டது. ஜெனிட்டாவோ, இடது பக்கம் கரகரவென்று வருகிறது என்றாள். களைத்திருக்கிறாள், அதனால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மறுபடி தேய்த்தேன். மறுபடியும் எனக்குச் சுத்தமாகவே கேட்டது.

வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து இடது ஸ்பீக்கரின் அருகில் குனிந்தார். என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிக்குள்ள அப்பளம் பொரியுத மாதிரி கேக்கு. உங்களுக்குக் கேக்கலையா?"

ஆலந்தலைத் திருவிழா

கோயில் திருவிழா, சாயங்கால நிகழ்ச்சி. நல்ல கூட்டம். இரண்டாவது பாட்டில் முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் எழுந்து போனாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள். மழை வருகிறதோ என்று வானத்தைப் பார்த்தேன்.

பிறகுதான் மிக்ஸரைக் குனிந்து பார்த்தேன். கிட்டாருக்கும் டிரம்ஸின் தட்டுகளுக்கும் கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற குமிழ்கள் எல்லாம் உச்சியில் நின்றன. நான்தான் திருப்பியிருக்கிறேன். எனக்குக் கேட்கிற மாதிரி வரவேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக, எத்தனை மாதமாகவோ. அவசரமாகக் கீழே இறக்கினேன். அதற்குள் திருவிழாக் கமிட்டியில் இருந்த ஓர் அக்கா பக்கத்தில் வந்துவிட்டார். "பாட்டு கேக்க வந்தோம் தம்பி. பல்லு கூசுது."

கண்ணாடி அறை

மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் தூத்துக்குடியில் காது பார்க்கிற இடத்துக்குப் போனேன். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்குப் படபடவென்று அழுத்தினேன். என் தொழில் தெரிந்தவர்கள் பார்த்தால் பெருமைப்பட்டிருப்பார்கள். பிறகு இடது காது, மேடை எதுவானாலும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியே இருக்கிற காது. கொஞ்சம் அழுத்தினேன். சத்தம் கூர்மையாக ஏற ஏற ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டினேன். கேபிள் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றுகூடச் சொன்னேன்.

வெளியே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அண்ணே, நான் சத்தம் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."

வேனில்

போனது போனதுதான், இருக்கிற காதைக் காப்பாற்றிக்கொள் என்றார் டாக்டர். அதற்குப் பின் இரண்டு நிகழ்ச்சிகளை மிக்ஸரின் பச்சை, சிவப்பு விளக்குகளைப் பார்த்தே ஓட்டினேன். சத்தத்தைக் கண்ணால் பார்த்து வேலை செய்வது எவ்வளவு அலுப்பு என்று சொல்லி மாளாது.

மூன்றாவதற்குப் போகிற வழியில் வேனில் காது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் தம்பி இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். முத்துக்குமாருக்குத்தான் கோபம். இத்தனை மாதமும் தன் கிட்டார் ஊருக்கெல்லாம் எப்படிக் கேட்டதோ என்றான். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஜெனிட்டா, நம்மில் யாருக்காவது இது முன்பே தெரியுமா என்று பொதுவாகக் கேட்டாள்.

பொன்ராஜ் அண்ணாச்சி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும். போன ஆடியிலேருந்து உங்க சத்தம் ஊசி மாதிரி குத்துது. டிரைவர்ட்ட யாரு கேட்டீய?"

கல்லூரி விழா

அன்று காலை பதினொரு மணிக்குக் கல்லூரியில் நிகழ்ச்சி. ஜெனிட்டா யாரையும் கேட்கவில்லை. அண்ணாச்சியைக் கூட்டிவந்து என் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவருக்கு வாத்தியங்களின் பெயர் தெரியாது. கிட்டார் 'ஊசி'. டிரம்ஸின் தட்டு 'தகரம்'. பேஸ் 'அம்மி'. "தகரத்தைக் குறையும்," என்பார், குறைப்பேன். "அம்மி காணல," என்பார், கூட்டுவேன். மூன்றாவது பாட்டில் பிள்ளைகள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். ஒருவர்கூடக் காதைப் பொத்தவில்லை. முத்துக்குமார் மேடையிலிருந்து என்னைப் பார்த்தான், தலையை ஒரு தரம் அசைத்தான். அது போதும் எனக்கு.

முடிந்ததும் அண்ணாச்சியிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"சத்தம் சரியா இருக்கு. பாட்டுதான் எனக்குப் புடிக்கல."

இருபது வருஷம் பாட்டைக் கேட்டுப் பிழைத்தவன், இப்போது பாட்டே பிடிக்காத ஒருவரைக் கேட்டுப் பிழைக்கிறேன்.