துளை போடாத சுவர்

இரும்போடு பேசுகிறவள் என்று தளத்தில் அவளைக் கேலி செய்வார்கள். கப்பல் பழுதுபார்க்கும் தளம் அது. அங்கே பதினாறு வருஷமாக அவள் எலக்ட்ரீஷியன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தால் தொண்டை கிழியக் கத்த மாட்டாள், சுத்தியலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் ஆரம்பி. கனத்த இரும்புக்குள் போனும் ரேடியோவும் செத்துப்போகும். தட்டு மட்டும் போய்ச் சேரும்.

பழுதுபார்க்க வந்திருந்த ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையை ஒட்டி ஒரு காலி அறை. அதில் தண்ணீர் புகுந்தால் இன்ஜின் அறையில் தெரிய வேண்டும்.

"நடுச் சுவத்துல ஓட்டை போட்டு வயரை இழுத்துடு," என்றார் மேனேஜர்.

"தண்ணியைத் தடுக்கத்தான் அந்தச் சுவரே இருக்கு சார். எதை வெச்சு அடைச்சாலும் ஒருநாள் கசியும், நானே பார்த்திருக்கேன். போட மாட்டேன்."

அவள் கேட்டது இரண்டு சின்னப் பெட்டிகள். அந்தப் பக்கத்துப் பெட்டி தண்ணீர் அளவைக் காதுக்கு எட்டாத ஒலியாக்கி இரும்புக்குள் அனுப்பும். இந்தப் பக்கத்துப் பெட்டி அதைக் கேட்டு எண்ணாக்கித் திரையில் காட்டும். வயரே வேண்டாம். மேனேஜர் வேண்டாவெறுப்பாக வரவழைத்தார்.

"வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எண் வரணும். வரலைன்னா ஓட்டை போடு. மாட்டேன்னா வெள்ளிக்கிழமை வேலைக்கு வராதே."

அவள் கணவன் அதே கப்பலின் இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிறவன். "எதுக்கும்மா வம்பு? சொன்னதைச் செஞ்சிட்டுப் போயேன்," என்றான்.

"தண்ணி வந்தா முதல்ல நனையறது உங்க கால்தான். உங்களைக் கடல்ல விட்டுட்டு அந்த வேலையை வெச்சு நான் என்ன பண்றது?"

அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனான்.

வியாழக்கிழமை சுவரின் இரண்டு பக்கமும் பெயிண்டைச் சுரண்டி இரும்பை வெளியே கொண்டுவந்தாள். காலி அறையில் பெயிண்டர் வேலையாக இருந்தார். ஒரு பெட்டியை அவரிடம் கொடுத்து, தான் இன்ஜின் அறைப் பக்கமிருந்து தட்டுகிற இடத்துக்கு நேராக ஒட்டச் சொன்னாள். ஒட்டினார்; இன்னொன்றை அவள் இந்தப் பக்கம் ஒட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. மணி நாலரை. மேனேஜர் டிரில்லோடு வந்து நின்றார். அவள் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னும் அரை மணி இருக்கு சார்."

மேல்தளத்தில் ஏறி, ஆள் நுழையும் துவாரம் வழியாக அந்தப் பக்கம் இறங்கினாள். பெட்டியின் ஓரத்தில் சாம்பல் நிறப் பெயிண்ட் ஈரமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"வெறும் இரும்பா இருந்துச்சும்மா. துருப்பிடிச்சிடுமேன்னு ஒரு கோட் அடிச்சிட்டு ஒட்டினேன்," என்றார் பெயிண்டர். வெறும் இரும்பைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஈரப் பெயிண்ட்ல சத்தம் புதைஞ்சிடுமேண்ணே!" என்றவள், அவர் கையிலும் ஒரு சுரண்டியைத் திணித்தாள். இருவரும் மண்டியிட்டுச் சுரண்டினார்கள். நடுவில் காற்று நிற்காமல் சத்தம் கடக்க கிரீஸ் தடவிப் பெட்டியை அழுத்திப் பொருத்தினாள். பெட்டியோடு சேர்ந்த தண்ணீர் அளவுக் கருவியை ஒரு காலி வாளிக்குள் நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் ஓடிவந்தாள்.

இரண்டு தட்டு. அந்தப் பக்கம் பெயிண்டர் வாளியில் தண்ணீர் ஊற்றினார். திரையில் பூஜ்யம் வந்தது. அது நாலாகி, ஒன்பதாகி, பதினாலு சென்டிமீட்டரில் நின்றது.

மேனேஜர் டிரில்லைக் கை மாற்றிப் பிடித்தார். "சரி, சரி. நான் அன்னிக்குச் சொன்னதை மறந்துடு."

"மறக்க மாட்டேன் சார். நீங்க ஓட்டை போடச் சொன்ன சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் என் வீட்டுக்காரர் நிக்கிறாரு."