வலதுபக்கக் கவுன்டரில் வெர்லின் நன்றாக இருந்தார்

வியாழக்கிழமை வந்தால் மார்லிஸ் டெகைசர் காரை எடுத்துவிடுவாள். பக்கத்து இருக்கையில் நாத்தனார் ஆர்லெட், மடியில் கைப்பை, முழங்காலில் பட்டை. மார்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். மிஸிஸிப்பி ஆற்றை ஒட்டிப் போகும் அந்தச் சாலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் படும் பாடெல்லாம் ஆர்லெட்டின் வாயோடுதான்.

"செத்தவன் பேர்ல கஞ்சா வாங்குறவ இந்த இல்லினாய் முழுக்க நீ ஒருத்திதான்டி. அதுவும் செத்தவன் என் தம்பி."

"மெதுவாப் பேசு ஆர்லெட்."

"கண்ணாடிய ஏத்தித்தானே வெச்சிருக்க? யாரு கேக்கப் போறா, ஆத்துல இருக்குற கெளுத்தியா?"

மார்லிஸ் சாலையைப் பார்த்து ஓட்டினாள். ஆர்லெட்டுக்குப் பதில் சொல்கிற தெம்பு, கணவர் செத்த பிப்ரவரியோடு அவளுக்குப் போய்விட்டது.

கடை அடுத்த ஊரில், முன்பு மெத்தைக் கடையாக இருந்த கட்டடத்தில் இருந்தது. வாசல் ஒன்றுதான். உள்ளே போனதும் கூட்டம் இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் பொது வரிசை. இருபத்தொரு வயது முடிந்த யாரும் நிற்கலாம், எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். வலதுபக்கம் மருந்துக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு. அங்கே வரி குறைவு, உட்கார நாற்காலி உண்டு. விற்பதென்னவோ இரண்டு பக்கமும் அதே செடிதான். இடது வரிசையில் பாதிப் பேர் பாலம் தாண்டி வந்த அயோவாக்காரர்கள். அவர்கள் ஊரில் இப்படி வாங்க முடியாது. இங்கே வந்தாலும் இல்லினாய்க்காரர்களுக்குக் கொடுப்பதில் பாதிதான் கிடைக்கும். ஆர்லெட்டுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

ஆர்லெட் இடது வரிசைக்காரி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவள், வியாழக்கிழமை முழங்காலுக்குக் கஞ்சாக் களிம்பு வாங்க, பச்சை குத்திய பையன்களுக்கு நடுவில் நிற்பாள். கார்டு வாங்கிக்கொண்டால் வரி மிச்சமாகுமே என்று மார்லிஸ் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நான் நோயாளின்னு கவர்மென்ட்டுக்கு எதுக்குடி எழுதிக் குடுக்கணும்? எனக்கு முட்டிதான் வலிக்குது" என்று பதில் வந்தது.

மார்லிஸ் வலதுபக்கம் போவாள். அவளிடம் இருந்தது பராமரிப்பாளர் கார்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் சார்பில் வீட்டு ஆள் வந்து வாங்கிக்கொள்ள அரசு கொடுப்பது. நோயாளி அவள் கணவர் வெர்லின். டிராக்டர் ஆலையின் வார்ப்படக் கூடத்தில் காலமெல்லாம் வெந்து, ஓய்வு பெற்றதும் ஒரு படகு வாங்கி, மறு வருஷமே கணையத்தில் புற்று வந்தவர். மருத்துவமனை மாத்திரைகள் அவரை மரக்கட்டையாக்கின. இந்தக் கடையின் கஞ்சா மிட்டாயில் பாதி கொடுத்தால் தூங்கினார், விழித்ததும் ஆளை அடையாளம் தெரிந்து திட்டினார். மார்லிஸுக்கு அது போதுமாக இருந்தது.

ஆற்றில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்த பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்தார். நோயாளி போனால் கார்டும் போயிற்று, அதுதான் சட்டம். திருப்பி அனுப்பிவிட வேண்டும். மார்லிஸ் அனுப்பத்தான் நினைத்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று போனாள். கவுன்டரில் டார்னெல்லா இருந்தாள். நாற்பது வயதுக்காரி, நல்ல பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. வெர்லினை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"வாங்க மார்லிஸம்மா. எங்க ரெண்டு வாரமா ஆளக் காணோம்? நம்ம ஆளு எப்படி இருக்காரு?"

அவர் போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தேவாலயத்துப் பெண்கள் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் கொண்டுவந்து கொடுத்து, கட்டிப்பிடித்து, பாத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டும் போயாயிற்று. வெர்லின் எப்படி இருக்கிறார் என்று கேட்க உலகத்தில் இனி ஒருவரும் இல்லை. இந்த ஒருத்தியைத் தவிர.

"பரவால்ல. நேத்து நல்லாத் தூங்கினாரு" என்றாள் மார்லிஸ்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். மார்லிஸுக்கு அன்று ராத்திரிதான் பல நாளைக்குப் பிறகு பசித்தது. அடுத்த வியாழன் மறுபடி போனாள். வெர்லின் சூப் குடித்தார். அதற்கடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்தார். மேலும் மோசமாகிவிட்டார் என்று சொல்ல மார்லிஸுக்கு வாய் வரவில்லை. அந்த வழியில் போனால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வெர்லின் வாராவாரம் தேறிக்கொண்டே வந்தார். மே மாதம் பெல்ஜியத்தார் சங்கத்து மைதானத்தில், மரச்சக்கரத்தை முளைக்குப் பக்கத்தில் உருட்டும் ரோலே போலே ஆட்டத்தில் அவரே ஜெயித்தார். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் ஜெயிக்காத மனுஷன்.

வாங்கிய மிட்டாய் டப்பாக்கள் குளிர்பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தன. தூக்கம் வருமா என்று ஒருமுறை மட்டும் பாதி தின்று பார்த்தாள். வானிலைச் சேனலை மூன்று மணிநேரம் பார்த்து, அயோவாவில் சோளத்தின் மேல் விழுந்த ஆலங்கட்டி மழைக்காக அழுதாள். அதற்குமேல் தொடவில்லை. வெர்லினுக்காக இன்னும் அழவில்லை, யாரோ ஒரு அயோவாக்காரனின் சோளத்துக்காக அழுதோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இந்த வியாழக்கிழமை ஆர்லெட் வரிசையில் நின்றதும் மார்லிஸ் வலதுபக்கம் போனாள். நாற்காலியில் விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது. அப்படித் தொங்கும் சட்டையை மார்லிஸ் வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். அவர் பக்கம் பார்க்காமல் கவுன்டருக்குப் போனாள்.

"மார்லிஸம்மா, கார்டு இந்த மாசத்தோட முடியுது பாத்தீங்களா?" என்றாள் டார்னெல்லா. "ஒண்ணும் பயப்படாதீங்க. டாக்டர் போன்லயே பேசி முடிச்சிருவாரு. நம்ம ஆளு வீட்டுலதானே இருக்காரு? நம்பரக் குடுங்க, இப்பவே போடறேன். நானும் ஒரு வார்த்த பேசிக்கிறேன், இத்தன நாளாக் குரலக்கூடக் கேட்டதில்ல."

டார்னெல்லா போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வேணாம்மா. இனிமே அவருக்கு இது தேவைப்படாது."

மார்லிஸ் அதை உண்மை என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் டார்னெல்லா இத்தனை வாரம் கேட்டதெல்லாம் சூப்பும் ரோலே போலேயும்தானே. அவள் கண் விரிந்தது.

"அய்யோ, என் கர்த்தரே! சரியாயிடுச்சா? போயிடுச்சா அது?" மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் அவள் கடைப்பக்கம் திரும்பிக் கத்தினாள். "கேட்டீங்களா? நம்ம வெர்லின் ஜெயிச்சிட்டாரு!"

பக்கத்துக் கவுன்டர்ப் பையன் கைதட்டினான். பின்னாலிருந்து பொருள் எடுத்துவரும் பெண் தட்டினாள். என்ன ஏதென்று தெரியாமலே இடது வரிசை அயோவாக்காரர்களும் தட்டினார்கள். மார்லிஸ் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்படியே வெளியே போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் கடையில் வெர்லின் என்றைக்கும் குணமானவராகவே இருந்திருப்பார்.

அவள் முழங்கையை யாரோ தொட்டார்கள். விதைத் தொப்பிக்காரர்.

"மன்னிக்கணும்மா. என் பேரு ஆரின். உங்க வீட்டுக்காரருக்கு எங்க?"

"கணையத்துல."

"எனக்கும் அங்கதான்." அவருடைய முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க மார்லிஸுக்குத் தாங்கவில்லை. "வர்ற திங்கட்கிழம அடுத்த கீமோ ஊசி. போட்டா ஒரு வாரம் நாய் படாத பாடு. நிறுத்திடலாமான்னு யோசிச்சிட்டே இங்க உக்காந்திருந்தேன். இதே போதும்னா அது எதுக்கு? உங்காளு நிறுத்திட்டாரா? தினம் எத்தன சாப்பிட்டாரு? அப்படியே சொல்லுங்க, அப்படியே செஞ்சிர்றேன்."

டார்னெல்லாவும் ஆசையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மார்லிஸுக்கு அலுப்பாக இருந்தது. துக்கம் துக்கம் என்று ஊரே சொன்னது. அவளுக்கு இருந்ததெல்லாம் இந்த அலுப்புதான். ஒரு மனுஷனை வாராவாரம் தனியாகத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த அலுப்பு. இனி அவளால் தூக்க முடியாது. தூக்கினால் ஆரின் கீழே விழுவார்.

"அவரு செத்துட்டாருங்க" என்றாள்.

ஆரினின் கை அவள் முழங்கையிலேயே இருந்தது.

"பிப்ரவரில. நான் இவகிட்ட இத்தன நாளாப் பொய் சொல்லிட்டிருந்தேன். சூப்பும் இல்ல, ஆட்டமும் இல்ல. அவரு பேரச் சொல்லி யாராவது விசாரிச்சா நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

டார்னெல்லா போனைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"அப்ப இதுனால ஒண்ணும் ஆகாதா?" என்றார் ஆரின்.

"தூங்கலாம். கடைசி வரைக்கும் தூங்கினாரு, வலி தெரியாம. அதுக்கு இதுதான் காரணம், அதுல பொய் இல்ல. மத்தது ஊசிதான். ஊசி போட்டதால எங்களுக்குக் கூடுதலா ஒரு கோடை கெடைச்சுது. நீங்க திங்கட்கிழம போங்க. அது எதுக்கு இது எதுக்குன்னு என்னக் கேட்டா, ரெண்டும் வேணும்."

"அந்தக் கோடைல என்ன செஞ்சீங்க?"

"மீன் பிடிக்கப் போனோம். படகு வாங்கினதுலேர்ந்து அந்த ஒரு நாள்தான் ஆத்துல எறங்குச்சு."

ஆரின் அவள் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"மீன் மாட்டுச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. நாள் முழுக்க நான்தான் பேசிப் பேசி மீன வெரட்டிட்டேன்னு திட்டினாரு."

ஆரின் சிரித்தார். வறண்ட சிரிப்பு, ஆனால் சிரிப்புத்தான். "எங்கிட்டயும் படகு இருக்கு. ஒடம்பு இப்படி ஆயிடுச்சேன்னு அதத் தொடவேயில்ல" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மார்லிஸ் கார்டை எடுத்துக் கவுன்டரில் வைத்தாள். டார்னெல்லா அதைத் தொடவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது, இரண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு.

"நான் வீட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட சொல்லுவேன் மார்லிஸம்மா. அவரு இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்தாரு, இன்னைக்கு நடந்தாருன்னு. எங்கம்மா தெனம் அவருக்காக ஜெபம் பண்ணுது."

"சொல்லிடும்மா. உங்கம்மாகிட்ட ஜெபத்த நிறுத்த வேணாம்னு சொல்லு. அவருக்கு இப்பவும் தேவைதான்."

"இனி இந்தப் பக்கம் உங்களுக்குக் குடுக்க முடியாது."

"தெரியும்."

இடது வரிசையில் ஆர்லெட் இன்னும் பாதிதூரம்தான் வந்திருந்தாள். முன்னால் ஒரு கூட்டம் அயோவாப் பெண்கள், கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு ஒரே நிறத்தில் சட்டை போட்டு வந்தவர்கள், எதை வாங்குவது என்று முடிவுக்கு வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி கைதட்டு அங்க?" என்றாள் ஆர்லெட்.

"வெர்லின் செத்துட்டாருன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அதுக்கா தட்டினாங்க?"

"அதுக்கு முன்னாடி. சொன்னதுக்கு அப்புறம் ஒருத்தரு சிரிச்சாரு."

"எதுக்கு?"

"படகுல போன அன்னைக்கு அவருக்கு மீன் மாட்டலன்னு சொன்னேன், அதுக்கு."

ஆர்லெட் உதட்டைக் கடித்தாள். பிப்ரவரியிலிருந்து தம்பியைப் பற்றி அவள் கேலியாகத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவனுக்கு எப்பவுமே மாட்டாது" என்றாள். "ஏழு வயசுல எங்கப்பாகூட மொதத் தடவ போனான். வெறுங்கையோட வந்து, மீனுக்குப் பசிக்கலயாம்னு எங்கம்மாகிட்ட சொன்னான்."

மார்லிஸுக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் வாழ்ந்தும் அவர் சொன்னதில்லை. அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, அந்தப் பொது வரிசையில், அத்தனை பேர் பார்க்க, கடைசியில் அவள் வெர்லினுக்காக அழுதாள்.

அயோவாப் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லெட் அவர்களை முறைத்தாள். பிறகு வரிசையை விட்டுவிட்டு, களிம்பையும் விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே மார்லிஸை வெளியே கூட்டிப்போனாள்.

"சாவியக் குடு" என்றாள்.

"ஒனக்குத்தான் முட்டி மடங்காதே."

"பரவால்ல. மெதுவாப் போலாம்."