மாலை போட்டு மேடையில் நிறுத்திச் சிரித்தார்கள்

சேலத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி நடத்திய அமைப்பாளர்தான் என் மனைவியின் ஓட்டத்தை நிறுத்தியவர். மைக் பிடித்துப் பேசியவர் இரண்டாவது குற்றவாளி. அவருக்குச் சம்பளம் பேசி மேடையேற்றி, பக்கத்திலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தவர் இந்த அமைப்பாளர்.

நடந்தது போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம். அன்றைக்கு எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். நாசூக்காக எழுத எனக்கு வராது. எங்களுக்குக் குழந்தை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விஷயமே அதுதான்.

என் மனைவி ஓட ஆரம்பித்ததும் அதனால்தான். எடை குறைந்தால்தான் சிகிச்சை பலிக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். தினமும் காலையில் ஏரிக்கரையில் நடந்தாள். நடை ஓட்டமானது. பதினொரு கிலோ குறைத்தாள். மூன்று தடவை சிகிச்சை எடுத்தோம். மூன்று தடவையும் கரு நிற்கவில்லை. கடைசித் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். இனி ஊசி வேண்டாம் என்றாள், சரி என்றேன். ஒரு நாள் பார்த்தால் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள்.

“இனி எதுக்குப் புள்ள ஓடறே?” என்று மடத்தனமாகக் கேட்டேன்.

“இது எனக்குங்க” என்றாள்.

சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவள் போவதில்லை. வளைகாப்பில் எல்லோரையும் வளையல் போடக் கூப்பிடுவார்கள். இவள் முறை வரும்போது மட்டும் யாராவது ஒரு அம்மா, “பந்தி காலியாக் கெடக்குது, போய்ச் சாப்பிடு சாமி” என்று அன்பாகத் தள்ளிவிடுவார். ஓடுகிற கூட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. யாருக்கு எந்த முட்டி வலிக்கிறது, எந்த ஷூ நல்லது, இதுதான் பேச்சு. அங்கே போனால் அவள் குரலே உயரும்.

“இந்த வருசம் கோயிலும் வேண்டாம், ஓட்டலும் வேண்டாம். சேலத்துல பத்து கிலோமீட்டர் ஓடலாம், நீங்களும் வாங்க” என்று அவள்தான் சொன்னாள். எனக்குத் தொப்பை. இரண்டு மாதம் அவள் பின்னால் மூச்சு வாங்க ஓடிப் பழகினேன். பட்டறையில் வெல்டர், “ஓனருக்குச் சேஸிஸ் நல்லாத்தானுங்க இருக்குது, பாடிதான் ஓவர்லோடு” என்று ஓட்டினான்.

பெயர் பதிகிற படிவத்தில், அன்று உங்களுக்கு ஏதாவது சிறப்பு நாளா என்று ஒரு கட்டம் இருந்தது. கல்யாண நாள், பதினான்கு வருஷம் என்று எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. மேடையில் வாழ்த்துவார்கள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

ஓட்டத்தன்று அவள் வேகத்துக்கு என்னை விட்டுவிட்டு எப்போதோ போயிருக்கலாம். போகவில்லை. ஏழாவது கிலோமீட்டரில் என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நீ போ என்றேன். “தனியாப் போறதுக்கா இன்னைக்கு வந்தேன்? பேச்சைக் கொறைங்க, மூச்சை உடுங்க” என்று அதட்டினாள். முக்கில் நின்ற போலீஸ்காரப் பெண், “அக்கா, அண்ணன இழுத்துட்டு ஓடுங்க, இல்லீன்னா எங்க ஜீப்புல ஏத்திருவோம்” என்று கத்தினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

கையைப் பிடித்துக்கொண்டே முடித்தோம். கழுத்தில் மெடல் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மைக்கில் எங்கள் பெயர். மேடையேறினோம். இரண்டு ரோஜா மாலை தயாராக இருந்தது. மாற்றிக்கொண்டோம், கைதட்டினார்கள். அவள் என்னைப் பார்த்து, உங்க வேலையா என்று கண்ணாலேயே கேட்டாள். அதுவரை எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது.

“பதினாலு வருஷம்! குழந்தைங்க எத்தனை சார்?” என்று மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார் தொகுப்பாளர்.

“குழந்தை இல்லைங்க” என்றேன். மைதானம் முழுக்கக் கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “ரெண்டு பேரும் இப்படி ஓடிக்கிட்டே இருந்தா எப்படி சார் பொறக்கும்? ராத்திரியாவது கொஞ்சம் நில்லுங்க!”

கூட்டம் சிரித்தது. அமைப்பாளர் தொகுப்பாளரின் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

என் மனைவி அழவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். மெடலையும் கழற்றி அதன் மேல் வைத்தாள். படியிறங்கிப் போனாள். நான் மாலையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆமாம், நானும் சிரித்தேன்.

பைக்கில் ஊர் திரும்பினோம். ராசிபுரம் தாண்டியதும் பின்னாலிருந்து, “நீங்களுமா சிரிச்சீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. ஓடவும் இல்லை. மருத்துவமனையும் சொந்தக்காரர்களும் சேர்ந்து அவளிடமிருந்து பிடுங்க முடியாததை அந்த மேடைக்காரர்கள் அரை நிமிஷத்தில் பிடுங்கிவிட்டார்கள்.

அமைப்பாளருக்கு போன் போட்டேன். “ஜாலியா எடுத்துக்கங்க சார், அவரு எல்லா ஜோடியையும் அப்படித்தான் கலாய்ப்பாரு” என்றார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர்களுடைய இணையப் பக்கத்தில் எங்கள் மாலை வீடியோவைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே நடந்ததை எழுதினேன். அழித்துவிட்டார்கள். போன வாரம் இந்த வருஷ ஓட்டத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது, ‘ஜோடியாக ஓடி வாருங்கள்’ என்று. அதில் இருக்கும் ஜோடி நாங்கள்தான். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் படத்தைப் பார்த்தாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நான் ஏன் சிரித்தேன் என்று ஒரு வருஷமாக யோசித்துவிட்டேன். பயம்தான். அத்தனை பேர் சிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் கோபப்பட்டால் கூட்டத்தைக் கெடுத்தவன் ஆகிவிடுவோமே என்ற பயம். பொண்டாட்டி பக்கம் நிற்க வேண்டிய ஒரே நேரத்தில் கூட்டத்தின் பக்கம் நின்றவன் நான். இனி எத்தனை கல்யாண நாள் வந்தாலும் எனக்கு அது அந்த நாளாகத்தான் வரும். இதை அவளிடமும் சொன்னேன், இப்போது ஊரறிய எழுதிவிட்டேன்.

அமைப்பாளரே, உங்கள் முறை. போனில் வேண்டாம். ஒரு பெண்ணுக்குப் பிள்ளை இல்லை என்பதில் உங்களுக்கு எது சிரிப்பாக இருந்தது? நான் இதை எழுதியிருக்கும் இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கப் பதில் எழுதுங்கள்.